'உடைய' என்னும் ஒற்றைச் சாவி

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் இறுதியில் ஒரு காற்புள்ளியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, அதன் பக்கத்தில் 'எஸ்' என்னும் எழுத்தை நிறுத்தினால், அதற்குத் தமிழில் 'உடைய' என்று பொருள். இவ்வொரு வரியை மனப்பாடம் செய்துகொண்டே நம் மாணவர்கள் ஆங்கிலத்தின் உடைமைப் பெயர்களுக்குள் நுழைகின்றனர். பயிற்சிநூல்கள் இதனைக் கட்டம் கட்டி அச்சிடுகின்றன. வீட்டில் பாடம் சொல்லித் தரும் பெற்றோரும் இதனையே ஓதுகின்றனர். தமிழாசிரியர் பலர், 'அது ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டியது' என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வரி தவறானது, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருசேரக் கெடுப்பது. இதனைத் திருத்தும் பொறுப்பு ஆங்கில ஆசிரியரைக் காட்டிலும் தமிழாசிரியருக்கே மிகுதி என்பது என் வழக்கு.

நாள்தோறும் காதில் விழும் ஆங்கில வாக்கியங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். 'அலிஸ் புக்' என்றால் அலியுடைய புத்தகம். இங்கே சாவி பூட்டைத் திறக்கிறது. 'டுடேஸ் நியூஸ்பேப்பர்' என்னும்போது என் செய்வது? இன்று என்னும் நாளுக்கு உடைமையாக ஒரு நாளிதழ் உண்டா? தமிழர் அதனை 'இன்றைய நாளிதழ்' என்பர். 'டூ வீக்ஸ் லீவ்' என்பது இரண்டு வார விடுப்பு. 'அன் அவர்ஸ் ஜர்னி' என்பது ஒரு மணி நேரப் பயணம். 'விமன்ஸ் ஹாஸ்டல்' என்பது மகளிர் விடுதி. அங்கே தங்கும் பெண்களுக்கு அக்கட்டடத்தில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை, மாதந்தோறும் வாடகை கட்டுகின்றனர். 'கௌஸ் மில்க்' என்பது பசும்பால். பசுவிடமிருந்து வந்தது என்பதே அங்குள்ள உறவு. நோயுற்ற ஆங்கிலேயர் 'ஐ ஆம் கோயிங் டு தி டாக்டர்ஸ்' என்கிறார். அவ்வாக்கியத்தில் உடையவர் இருக்கிறார், உடைமைப் பொருளையே காணோம்! 'மருத்துவரிடம் போகிறேன்' என்பது அதற்குரிய தமிழ். 'அட் மை அங்கிள்ஸ்' என்பது 'மாமா வீட்டில்'. ஆங்கிலம் விழுங்கிவிட்ட 'வீடு' என்னும் சொல்லைத் தமிழ் வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ் விழுங்கிவிட்ட உருபை ஆங்கிலம் வெளிப்படையாக எழுதுகிறது. 'எ ஸ்டோன்ஸ் த்ரோ' என்பதைக் 'கல்லினுடைய எறிதல்' என்று ஒரு மாணவன் எழுதினால், அவனை நொந்து பயனில்லை. அவனிடம் ஒரே ஒரு சாவியைத்தானே கொடுத்தோம்? கல்லெறி தூரம், கூப்பிடு தூரம் என்னும் தொடர்கள் அவன் பாட்டியின் வாயில் இருந்தன, பாடத்தில் இல்லை.

நம் ஊர்ப்பெயர்களே இதற்கு நல்ல சான்று. பகாங் மாநிலத்து மலைவாழிடமாகிய 'ஃபிரேசர்ஸ் ஹில்', லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஈயத் தொழிலை நாடி வந்து அம்மலையில் இருந்தவர் அவர். 1920களில் ஆங்கிலேயர் அங்கே ஓய்வில்லங்களை எழுப்பியபோது அவர் எப்போதோ போய்விட்டிருந்தார். பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது. சிங்கப்பூரில் 'பேர்ல்ஸ் ஹில்' என்று ஒரு குன்று உள்ளது. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய 'இந்தியானா' கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பேர்ல், அக்குன்றை உண்மையாகவே தம் உடைமையாக வைத்திருந்தவர். ஒரு குன்றில் உடைமை. மற்றொரு மலையில் வெறும் நினைவு. தலைக்கு மேல் தூக்கிய அந்தக் காற்புள்ளியோ (இனி இதனை மேற்குறி என்போம்) இரண்டிலும் ஒன்றே. மருத்துவத்துறையில் 'பார்க்கின்சன்ஸ் டிசீஸ்' என்பர். 1817இல் அந்நோயை விரிவாக எடுத்தெழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு மருத்துவர். நம் சூத்திரத்தின்படி 'பார்க்கின்சனுடைய நோய்' என்று மொழிபெயர்த்தால், நல்ல மருத்துவர் ஒருவரைப் படுக்கையில் கிடத்திய பாவம் நம்மைச் சேரும்.

மயக்கம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. இலத்தீன் இலக்கணத்தார் வழங்கிய பெயரில் உடைமை என்னும் குறுகிய பொருள் இல்லை. இராபர்ட் லௌத் என்பார் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், இவ்வேற்றுமையைப் பழம்பெயரால் அழைக்கலாமாயினும் 'உடைமை வேற்றுமை' என்பதே இன்னும் பொருத்தம் போலும் என்று எழுதினார். அந்தப் 'போலும்' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது; உடைமை என்னும் பெயர் மட்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அப்பாடநூல்களைத் தமிழில் விளக்கப் புகுந்தோர், பெயரையும் விளக்கத்தையும் சேர்த்தே 'உடைய' என்று முடித்துவிட்டனர்.

தமிழ் இலக்கணம் இவ்வாறு முடித்ததா? தொல்காப்பியர் ஆறாம் வேற்றுமைக்குத் தரும் பொருள்களின் பட்டியல் நீண்டது. இயற்கை, முறைமை, முதுமை, வினை, கருவி, துணை, உறுப்பு, குழு, வாழ்ச்சி என்று விரிந்து செல்லும் அப்பட்டியலில், உடைமை என்பது பலவற்றுள் ஒன்று, அவ்வளவே. 'கபிலரது பாட்டு' என்று உரையாசிரியர்கள் காட்டுத் தருவர். கபிலர் அப்பாட்டை விலைக்கு வாங்கவில்லை, பாடினார். 'ஷேக்ஸ்பியர்ஸ் பிளேஸ்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு இதனினும் நேரான விளக்கம் எங்கே கிடைக்கும்? நன்னூலார் இதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாக வகுத்தார். யானையது கோடு, யானையினின்று பிரியாதது. முருகனது வேல், முருகனின் வேறானது. 'தி எலிஃபண்ட்ஸ் டஸ்க்' என்பதும் 'தி மேன்ஸ் அம்பரெல்லா' என்பதும் இவ்விரண்டே அல்லவா? கிழமை என்ற விரிந்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, உடைமை என்ற குறுகிய சொல்லைக் கடன் வாங்கிப் பாடம் நடத்துகின்றோம். இது என்ன ஏழ்மை?

இன்னொரு நுட்பம் நெஞ்சை விட்டு அகலாதது. உயர்திணையில் வரும் தொகையை விரிக்கும்போது 'அது' என்னும் உருபு கெட்டு, 'கு' வரும் என்பது தொல்காப்பிய விதி. 'நம்பி மகன்' என்றால் 'நம்பிக்கு மகன்' என்று விரிக்க வேண்டும். 'அது' என்பது அஃறிணைப் பொருளைச் சுட்டும் உருபு. ஆகலின் மகனை அவ்வுருபால் சுட்டலாகாது என்றனர் முன்னோர். இன்று 'எனது மகன்' என்று எழுதாதவர் அரியர். அவ்விதியைப் பிரம்பாக ஓங்கி மாணவரை அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவ்விதியின் உயிர் நம் பேச்சில் இன்னும் இருக்கிறது. 'எனக்கு இரண்டு தம்பிகள்', 'அக்காளுக்கு ஒரு மகன்' என்றே சொல்கின்றோம். உறவை உடைமையாக்காமல் உறவாகவே வைக்கும் நான்காம் வேற்றுமை இது. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதைப் படித்த பிள்ளைகளோ, 'நான் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறேன்' என்று கட்டுரை எழுதுகின்றனர். ஆடு மாடு வைத்திருப்பது போலத் தம்பிகளை வைத்திருக்கின்றனர்! ஒருவன் ஒருத்தியை 'வைத்திருக்கிறான்' என்றால் தமிழில் என்ன பொருளாகும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாததால் பிழைத்தோம்.

மேற்குறி உடைமையின் சின்னம் என்று சொல்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் இவ்வேற்றுமையில் 'எஸ்' என்பதற்கு முன் ஓர் உயிரெழுத்தைப் பெற்று வந்தன. ஒலி தேய்ந்து அவ்வுயிர் மறைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்த மேற்குறி, எழுத்தொன்று விடுபட்டது என்பதைக் காட்டும் அடையாளமாகவே வந்தது. பின்னர், ஒருமைப் பெயர்களுக்கு முதலிலும் பன்மைப் பெயர்களுக்கு அடுத்தும், இவ்வேற்றுமைக்குரிய குறியாகப் பதினெட்டாம் நூற்றாண்டளவில் ஊன்றிக்கொண்டது. 'ஹிஸ்', 'இட்ஸ்' முதலிய சுட்டுப்பெயர்களின் கிழமை வடிவங்கள் இன்றும் மேற்குறி இல்லாமலே நிற்கின்றன. 'உடைய' என்றால் மேற்குறி என்று கற்ற மாணவன், 'அதனுடைய' என்று நினைத்து 'இட்ஸ்' என்பதற்கும் குறியிட்டு மதிப்பெண் இழக்கிறான். குறியிட்டால் அது 'அது இருக்கிறது' என்றாகிவிடும் என்பதை, 'அதன்', 'அது' என்னும் இரு தமிழ்ச் சொற்களை அருகருகே எழுதிக் காட்டினால் நொடியில் விளங்கிக்கொள்வான்.

ஈண்டுத் தமிழ் எவ்வளவு பெரிய துணை என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 'பாய்ஸ்' என்று ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழுகிறது. பையன்களா, பையனின் என்பதா, பையன்களின் என்பதா? மூன்றுக்கும் ஒலி ஒன்றே. வேறுபாடு கண்ணுக்கு மட்டும் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் இங்கே தடுமாறுகின்றனர். தமிழ்ப் பிள்ளைக்கோ மூன்றும் தனித்தனியே காதில் ஒலிக்கின்றன. 'பையனின்' என்று நெஞ்சில் ஒலித்தால் மேற்குறி 'எஸ்' என்பதற்கு முன்னே. 'கள்' வந்து அதன்மேல் 'இன்' ஏறினால் குறி பின்னே. 'கள்' மட்டும் ஒலித்தால் குறியே வேண்டா. 'சில்ரன்ஸ்' போல் பன்மை ஒலியே வேறாக அமைந்த சில சொற்களைத் தனியே சொல்லிக் கொடுக்கலாம். தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று பெற்றோரை அச்சுறுத்தும் பேர்வழிகள், இவ்வொரு பாடத்தையாவது வகுப்பில் வந்து பார்க்கட்டும்.

இத்தவறு ஜொகூர்ப் பாலத்தின் இரு கரையிலும் இரு வேறு திசையில் பாய்கிறது. மலேசியத் தமிழ்ப் பள்ளியில் பாடமொழி தமிழ், சூழ்மொழி மலாய். மாணவன் ஆங்கிலத்தில் 'மை ஃபிரண்ட் ஹவுஸ்' என்று உருபை விட்டு எழுதுகிறான். 'தமிழில் உருபு கிடையாது, அதனால் விடுகிறான்' என்று சிலர் விளக்கம் தருவதைக் கேட்டிருக்கின்றேன். இதைவிடப் பெரிய பிழை இல்லை. தமிழில் உருபு உண்டு. அதை மறைக்கும் உரிமையும் உண்டு. 'நண்பன் வீடு' ஆறாம் வேற்றுமைத் தொகை; 'நண்பனது வீடு' அதன் விரி. மலாயில் 'ருமா குரு', 'புக்கு அலி' என்று பொருள் முன்னும் உடையவர் பின்னுமாக, உருபே இன்றி வரும். தமிழ்த் தொகையும் மலாய் வரிசையும் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் உருபைத் தொகுத்துவிடுகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது, மனிதர் பெயர் உரிமையைச் சுட்டி வரும்போது ஆங்கிலத்தில் பெரும்பாலும் விரியே வரும், 'ஸ்கூல் பஸ்', 'டேபிள் லெக்' போன்ற அஃறிணைச் சேர்க்கைகளில் தொகை வரும் என்பதுதான். அவ்வளவையும் சொல்லத் தொகை, விரி என்னும் இரு சொற்கள் போதும்; அவை தமிழ் இலக்கணப் பாடத்தில் ஏற்கெனவே உள்ளன. சொல் வரிசையும் அவ்வாறே. 'அலிஸ் புக்' என்பது தமிழின் வரிசை. 'தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ்' என்பது மலாயின் வரிசை. இரண்டும் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிது என்று எதுவும் இல்லை. மூன்று மொழி அறிந்த மாணவனை மூன்று குழப்பம் உள்ளவனாகக் கருதுவது நாம் இழைக்கும் கொடுமை.

சிங்கப்பூரில் நிலை வேறு. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பாடமொழி. அங்கே பிள்ளைகளின் ஆங்கிலத்தில் மேற்குறி பெரும்பாலும் ஒழுங்காகவே விழுகிறது. கேடு தமிழுக்கு வருகிறது. 'என்னுடைய அப்பாவுடைய காருடைய கதவு' என்று எழுதும் மாணவனைக் காண்கின்றோம். 'அப்பாவின் கார்க் கதவு' என்றால் போதும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் குறியிட்ட இடந்தோறும் தமிழில் 'உடைய' போட வேண்டும் என்று கற்றிருக்கிறான். 'அவள் தன்னுடைய கைகளைத் தன்னுடைய கைக்குட்டையால் துடைத்தாள்' என்கிறான். 'கைகளைக் கைக்குட்டையால் துடைத்தாள்' என்றால் பிறர் கையையா துடைத்தாள் என்று எந்தத் தமிழனும் ஐயுறான். 'என்னுடைய தலை வலிக்கிறது' என்கிறான். தமிழில் 'எனக்குத் தலை வலிக்கிறது'. வலி யாருக்கு என்பதே தமிழுக்கு முக்கியம். தலை யாருடையது என்பது கேள்வியே அன்று.

'உடைய' என்னும் அச்சொல்லாவது பிள்ளைக்கு விளங்குகிறதா என்றால், அதுவும் இல்லை. 'மனிதனுடைய பணம்' என்பதில் உடையவன் முன்னே நிற்கிறான். 'பணமுடைய மனிதன்' என்பதில் உடையவன் பின்னே வந்துவிடுகிறான். ஒரே சொல், இரு திசை! இலக்கணம் இதனைத் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது: முன்னது உருபின் பொருளில் வரும் சொல்லுருபு, பின்னது உடைமைப் பொருளில் வரும் பெயரெச்சம். 'உடைய' என்றால் மேற்குறி என்று மட்டும் கற்ற மாணவன் 'அறிவுடைய மாணவன்' என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், 'அறிவு' என்பதன் தலையில் மேற்குறி வைக்கிறான். மாணவன் அறிவுக்கு அடிமையாகிவிடுகிறான். அதுவும் ஒரு பேறுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; மதிப்பெண் வராது.

'தமிழ் வகுப்பில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுவதா? தமிழ் கெட்டுவிடாதா?' என்று என் நண்பர்களுள் தமிழ்ப்பற்று மிக்கோர் கேட்பர். அவர்களை நான் மதிக்கின்றேன். ஆயினும் கதவைச் சாத்துவதால் காற்று நின்றுவிடாது. பிள்ளை 'உடைய, உடைய' என்று எழுதுவது தமிழ் ஏட்டில்தான். அவ்வேட்டைத் திருத்தும் சிவப்பு மை தமிழாசிரியர் கையில் இருக்கிறது. ஒப்பிட்டுக் காட்டாமல் வெறுமனே கோடிட்டு அடித்தால், தான் செய்த பிழை எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளை அறியமாட்டான். அடுத்த வாரம் மீண்டும் எழுதுவான்.

இன்னொரு தரப்பார், தேர்வு நெருங்கும் நேரத்தில் ஆறாம் வேற்றுமையின் பொருள் விரிவுக்கு நேரம் ஏது என்பர். நான் நூற்பாவை ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் தினம் என்னும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம். மலாயில் 'ஹாரி குரு', தினம் முன், ஆசிரியர் பின், குறி இல்லை. ஆங்கிலத்தில் ஆசிரியர் பன்மை, அப்பன்மைக்குப் பின் மேற்குறி. தமிழில் தொகை. மலேசியாவில் மே 16இல் அந்நாளைக் கொண்டாடுவது, 1956இல் இரசாக் கல்வி அறிக்கை ஏற்கப்பட்டதை நினைவுகூர்ந்து; அந்நாள் ஆசிரியர்களுக்கு உடைமை அன்று, ஆசிரியர்களைப் போற்றும் நாள். அடுத்து, அமெரிக்காவில் அன்னையர் தினத்தை ஏற்படுத்தப் பாடுபட்ட ஆனா ஜார்விஸ், ஆங்கிலத்தில் மேற்குறி ஒருமைக்குரிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒவ்வொருவரும் தம் தம் தாயைப் போற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. 1914இல் அரசு அறிவித்த நாளும் அவ்வொருமையோடே அறிவிக்கப்பட்டது. தமிழில் நாம் 'அன்னையர்' என்று பன்மையில் வைத்தோம். எது நல்லது என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டால் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடும். வேற்றுமைப் பொருளைப் பற்றி வாதிடுகின்றோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

உயர்நிலை மாணவர்க்கு இன்னும் ஓர் அடி போகலாம். 'அப்பாவின் படம்' என்று பலகையில் எழுதிவிட்டு, இது என்ன படம் என்று கேளுங்கள். அப்பா இருக்கும் படம் என்பான் ஒருவன்; அப்பா எடுத்த படம் என்பாள் ஒருத்தி; அப்பாவிடம் உள்ள படம் என்பான் மூன்றாமவன். மூவர் சொன்னதும் சரி. அதன்பின் ஆங்கிலத்திற்கு வாருங்கள். 'எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்' என்றால் முதலாமவன் சொன்னது மட்டுமே. அதே தொடரின் இறுதியில் மேற்குறியும் 'எஸ்' எழுத்தும் சேர்ந்தால், அப்பா எடுத்த படங்களிலோ அப்பாவிடம் உள்ள படங்களிலோ ஒன்று. அதில் அப்பா இருக்க வேண்டும் என்பதில்லை. 'மை ஃபாதர்ஸ் ஃபோட்டோ' என்றால் தமிழைப் போலவே மூன்றுக்கும் இடமுண்டு. இம்மூன்று ஆங்கிலத் தொடருக்கும் நம் பயிற்சிநூல்களின் சூத்திரப்படி விடை ஒன்றே: 'என்னுடைய அப்பாவுடைய படம்'.